ஆண்டியப்ப பத்தர் பூனைக்கு இடம் பார்த்த கதை

காரைக்குடியில் ஆண்டியப்ப பத்தர் பட்டறைக்குள் போவது சுலபம். வெளியே வருவதுதான் கஷ்டம். நகை வேலைக்காக வந்தவர்கள் வந்த காரியத்தைச் சொல்லிவிட்டு எழுந்தால், பத்தர் கையைக் காட்டி நிறுத்துவார். மடியிலிருந்து சின்ன மயிர்ப் பிரஷ் ஒன்றை எடுத்து, வந்தவரின் உள்ளங்காலை இரண்டு தேய்ப்புத் தேய்த்து, உதிர்ந்ததைத் தகரத் தட்டில் ஏந்திக்கொண்ட பிறகுதான் வழி விடுவார். பெண்கள் என்றால் பிரஷ்ஷை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். அரத்தால் ராவும்போது பறக்கிற பொன் தூள் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் காலில் ஒட்டும், வேட்டியில் ஒட்டும், புருவத்தில்கூட ஒட்டும். ஒட்டியதெல்லாம் தெருவுக்குப் போய்விட்டால் பத்தன் எப்படிப் பிழைப்பது? அவருடைய அப்பாவும் அப்படித்தான் இருந்தார். ஊரில் எல்லாப் பத்தர்களும் கொஞ்சம் அப்படித்தான். ஆனால் ஆண்டியப்பர் போன தூரத்துக்கு வேறு யாரும் போனதில்லை.

தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்த புதிதில் பட்டறையைச் சோதிக்க ஓர் அதிகாரி வந்தார். பூட்ஸைக் கழற்றாமலே உள்ளே வந்து, பெட்டியைத் திற, தராசைக் காட்டு என்று அதிகாரம் பண்ணிவிட்டுக் கிளம்பினார். பத்தர் சடாரென்று குனிந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டார். பிழைப்புப் போன மனிதன் காலில் விழுகிறானே என்று அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. "எந்திரிங்க பெரியவரே, சட்டத்தை மீறி நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்று தோளைத் தொட்டு எழுப்பப் பார்த்தார். பத்தர் நிமிரவே இல்லை. "அந்தக் காலையும் கொஞ்சம் தூக்குங்க" என்றார். பூட்ஸின் அடிப்பக்கத்தில் பள்ளம் பள்ளமாக இருந்ததால் அன்றைக்கு வழக்கத்தைவிட நேரமானது.

வீடும் பட்டறையும் ஒன்றுதான். முன் அறையில் பட்டறை, அதற்குப் பின்னால் இரண்டு அறையும் ஒரு கொல்லையும். பத்தர் சாப்பிட எழுந்திருப்பதே ஒரு சடங்கு. வேட்டியை உதறி, பட்டறைக்குள்ளேயே இருக்கும் சட்டித் தண்ணீரில் கையைக் கழுவி, தன் காலைத் தானே பிரஷ்ஷால் தேய்த்து முடிப்பதற்குள் சோறு ஆறிப்போகும். "இவுக தும்முனாக்கூட அதையும் ஒரு தட்டுல ஏந்திக்கிருவாக" என்று அவர் மனைவி சொர்ணவல்லி தெருவுக்குக் கேட்கும்படியே சொல்வாள். அவளுக்குப் பயந்தவர் அல்ல பத்தர். அவளுக்குப் பதில் சொல்லத் தெரியாதவர், அவ்வளவுதான். ஒரே மகளை ஒக்கூரில் ஒரு பத்தர் வீட்டில் கட்டிக்கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகு அவருக்குப் பட்டறை உண்டு, பிரஷ் உண்டு, வேறு ஆசை எதுவும் கிடையாது. அப்படித்தான் அவரும் நினைத்துக்கொண்டிருந்தார்.

அறுபத்தெட்டாம் வருஷம், ஐப்பசி மாதத்துச் சந்தை நாள் ஒன்றில் அந்தப் பூனை வந்து சேர்ந்தது.

சந்தைக்குப் போகிற மாட்டு வண்டிகள் தெருவை அடைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. பத்தர் ஊதுகுழலை வாயில் வைத்து ஒரு தோட்டுக்குப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் வீடு பற்றி எரிந்தாலும் அவர் எழுந்திருக்க மாட்டார். வெளியே ஓர் அலறல் கேட்டது. வண்டிக்காரன் மாட்டை அதட்டினான். அடுத்த நிமிஷம், பின்னங்கால் ஒன்று துவண்டு தொங்க, ஒரு பூனை வாசற்படியேறி, இழுத்து இழுத்து நகர்ந்து, குமுட்டி அடுப்புக்குப் பக்கத்தில் வெதுவெதுப்பாக இருந்த சாம்பலில் விழுந்து படுத்துக்கொண்டது. பத்தர் குழலை ஊதியபடியே கண்ணை மட்டும் உருட்டி விரட்டினார். பூனை அசையவில்லை. வாய் அடைபட்ட மனிதர் வேறு என்ன செய்வார்?

வேலை முடிந்து குழலைக் கீழே வைத்தபோது பூனை உடம்பு முழுக்கப் பட்டறைத் தூசியாகக் கிடந்தது. சத்தம் கேட்டு வந்த சொர்ணவல்லி, "ஐயோ பாவமே, காலு போச்சே! தூக்கி வெளிய வச்சுட்டு மஞ்சப்பத்துப் போடுறேன், இங்குட்டுக் குடுங்க" என்றாள்.

"வெளிய வைக்கிறதாவது! மேல எம்புட்டுத் தூசி பாரு. தேய்க்காம எப்படி அனுப்புறது?"

"உசுரு போற ஜீவனைத் தேய்க்கப் போறீகளாக்கும்?"

தேய்த்தார். உடைந்த காலை விட்டுவிட்டு, முதுகு, விலா, வால் என்று மெதுவாகத் தேய்த்தார். கடித்துவிடும் என்று ஒரு கையில் இடுக்கியை வைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தார். பூனை கடிக்கவில்லை. கழுத்தடியில் பிரஷ் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டு, வலியோடு வலியாக, குர்ரென்று ஒரு சத்தம் எழுப்பியது. பத்தருக்கு அந்தச் சத்தம் புதிது. அவர் பிரஷ்ஷை முப்பது வருஷமாக எத்தனையோ கால்கள் பொறுத்துக்கொண்டிருக்கின்றன. ஒருவர்கூட அதை விரும்பியதில்லை.

அன்று சாயங்காலமே துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனார். அங்கே பூமிநாதன் என்று ஓர் இளம் டாக்டர். "பத்தரே, எங்கிட்ட ஆடு வரும், மாடு வரும், ஒருதரம் குதிரை வந்துச்சு. பூனைய யாரும் கொண்டாந்ததில்ல" என்று சிரித்தாலும், மூங்கில் சிம்பு வைத்துப் பதமாகக் கட்டுப்போட்டுக் கொடுத்தார். "எலும்பு கூடுறவரைக்கும் ஓட விடாதீங்க. கூடுனாலும் கொஞ்சம் நொண்டும்."

ஓட விடாமல் வைத்துக்கொள்வது பெரிய பாடாக இல்லை. கட்டைக் காப்பாற்றுவதுதான் பாடாக இருந்தது. பூனை பல்லால் கடித்துக் கடித்துத் துணியைப் பிரித்துவிடும். பத்தர் யோசித்தார். மெல்லிய செப்புத் தகட்டைக் காப்பு மாதிரி வளைத்து, உள்ளே பஞ்சு வைத்து, திருகாணியோடு கட்டின்மேல் பூட்டினார். அந்த வாரம் கல்யாணத்துக்காக வளையல் கேட்டு வந்தவர்களிடம், அவசர வேலை ஒன்று ஓடுகிறது, இரண்டு நாள் பொறுங்கள் என்று சொல்லிவிட்டார். அந்த அவசர வேலை காலை நீட்டிச் சாம்பலில் படுத்துக்கொண்டு அவர்களைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. செம்பட்டை நிறம், கழுத்தில் மட்டும் உள்ளங்கை அகலம் வெள்ளை. பொன்னில் செம்பு கூடிப்போனால் வருகிற நிறம் என்று பத்தர் சொன்னார். அதிலிருந்து அதற்குச் செம்பி என்று பெயராயிற்று.

சாப்பாடுதான் மானத்தை வாங்கியது. பத்தர் வீடு பூணூல் போட்ட வீடு, முட்டைகூட உள்ளே வராது. செம்பிக்கோ பால் பிடிக்கவில்லை, தயிர்ச்சோறு பிடிக்கவில்லை. சொர்ணவல்லி நெய் ஊற்றிப் பிசைந்து வைத்த பருப்புச் சோற்றை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. நாளுக்கு நாள் விலா எலும்பு தெரிந்தது. கடைசியில் ஒரு சந்தை நாளில், தலையில் துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டு, பத்தர் கருவாட்டுக் கடை முன்னால் போய் நின்றார். கடைக்காரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "பத்தரே, வழி தவறி வந்துட்டீகளா?" என்று கேட்டாள். பத்தர் வானத்தைப் பார்த்துக்கொண்டு, "நெத்திலி" என்று மட்டும் சொன்னார். பொட்டலத்தை மடியில் கட்டிக்கொண்டு அவர் வீடு வந்து சேருவதற்குள் சேதி அவருக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டது. சொர்ணவல்லி மூக்கைப் பொத்திக்கொண்டு, கொல்லையில் முருங்கை மரத்தடியில் ஒரு ஓட்டுச்சில்லைக் காட்டி, "அங்குட்டு வச்சு ஊட்டுங்க. வாசப்படிக்கு இங்குட்டு அந்த நாத்தம் வரப்படாது" என்றாள். மறுவாரம் கருவாடு தீர்ந்துவிட்டதை அவருக்கு முதலில் ஞாபகப்படுத்தியவளும் அவளேதான்.

தை பிறக்கும்போது கால் கூடிவிட்டது. டாக்டர் சொன்னபடியே ஒரு நொண்டல் மிஞ்சியது. செம்பி அதைப் பொருட்படுத்தவில்லை. தெருவைப் பார்க்கக் கிளம்பிவிட்டாள். இங்கேதான் பத்தர் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார்.

பகலெல்லாம் செம்பி படுத்திருப்பது பட்டறைச் சாம்பலில். வெளியே போக வேண்டுமென்றால் பத்தர் பிரஷ் போட வேண்டும். அது அவளுக்குப் பழகிப்போய், வாசற்படியில் வந்து கழுத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். பத்தர் வேலையைப் போட்டுவிட்டு வந்து குந்தி, தலையிலிருந்து வால் வரை சாவகாசமாகத் தேய்த்து, உதிர்ந்ததைத் தட்டில் ஏந்திக்கொண்டு, "ம், போ" என்பார். தெரு முழுக்க இதை வேடிக்கை பார்த்தது. எதிரே சைக்கிள் கடை வைத்திருந்த மாயக்கண்ணன், "பத்தரே, இன்னைக்கு என்ன விளைச்சல்?" என்று கேட்பான். பத்தருக்குக் கேலி புரியாது. "பரவாயில்ல" என்று தட்டைப் பார்த்துச் சொல்வார். அந்த ஒரு வார்த்தை டீக்கடைக்குப் போய், அங்கே கால் முளைத்து, கை முளைத்து, பத்தர் வீட்டுப் பூனை மேலே தங்கம் சுரக்கிறது என்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது.

மாசியில் ஒரு மத்தியானம் போன செம்பி சாயங்காலம்வரை வரவில்லை. வந்தபோது சொட்டச் சொட்ட நனைந்திருந்தாள். வெடவெடவென்று நடுங்கினாள். பத்தர் துண்டால் துடைக்கப் போனவர் மூக்கை வைத்து மோந்தார். பூந்திக்கொட்டை வாசனை. நகை கழுவுகிறவர்கள் கழுவுகிற மாதிரி, பூந்திக்கொட்டை நுரையில் போட்டு யாரோ அவளைக் கழுவி எடுத்திருக்கிறார்கள்! அவருக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. சொர்ணவல்லிக்கு அந்தச் சந்தேகமே இல்லை. வாசலுக்குப் போய் நின்று, கழுவின கை எதுவாக இருந்தாலும் அது விளங்காமல் போகட்டும் என்று ஆரம்பித்துத் தெருவின் இரண்டு முனைக்கும் சாபத்தைச் சமமாகப் பங்கு வைத்தாள்.

இரண்டாவது தடவை யாருக்கும் சிரிப்பு வரவில்லை. செம்பியின் முதுகில் கத்தரிக்கோல் போட்டு ஒரு பிடி மயிரை வெட்டியிருந்தார்கள். தோலும் கீறி ரத்தம் கசிந்திருந்தது. பழைய காலைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும், மறுபடி தரையில் ஊன்றவே மாட்டேன் என்றாள். எவனோ மயிரை எரித்துப் பொன் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறான். நல்ல கால் உள்ள பூனை என்றால் சுவரேறித் தப்பிவிடும். இவளால் முடியாது. பிடிக்க வருகிறவனுக்கெல்லாம் பிடி கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

தன் ஆயுளில் ஒருமுறைகூடக் குரலை உயர்த்தாத பத்தர் தெருவில் இறங்கினார். "வாயில்லாத ஜீவனைப் போட்டு இந்தப் பாடு படுத்துறானே, அவன் மனுசனா? பொன்னு வேணுமின்னா எங்கிட்ட வந்து கேளுங்கடா!" என்று கத்தினார். மாயக்கண்ணன் மட்டும் வந்து அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனான். அவன் முகத்தில் அன்றைக்குக் கேலி இல்லை.

"பத்தரே, கோவிச்சுக்கிராதீக. இம்புட்டு நாளா வாசப்படியில உக்காந்து நீங்கதான ஊருக்குக் காட்டுனீக? உங்க பூனை மேல தங்கம் இல்லைன்னு இனிமே சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணாலும் எவன் நம்புவான்? அடுத்தவாட்டி எவனாச்சும் கெணத்துக்குள்ள முக்கி எடுப்பான். செத்துத்தான் போகும்."

அவன் சொன்னது நிஜம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சில நாள் கயிற்றில் கட்டிப்போட்டுப் பார்த்தார். செம்பி வாசற்படியைப் பார்த்துப் பார்த்துக் கத்தினாள். பிரஷ்ஷை எடுத்தால் மட்டும் எழுந்து நின்றாள், தேய்த்து முடித்ததும் கயிறு இழுக்கும் தூரம்வரை போய் நின்று அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"கட்டிப்போட்டுத் திங்க வைக்கவா காலை ஒட்டவச்சீக?" என்றாள் சொர்ணவல்லி. "வேற எங்கிட்டாச்சும் நல்ல எடமாப் பாருங்க. நமக்குக் குடுத்துவைக்கல."

பத்தர் இடம் பார்க்கக் கிளம்பினார். பொன் வாடையே இல்லாத வீடாக இருக்க வேண்டும், செம்பியின் கதை தெரியாத ஊராக இருக்க வேண்டும். முதல் நிபந்தனையிலேயே சொந்தபந்தம் எல்லாம் அடிபட்டுப் போனது. மாமன், மச்சான், சம்பந்தி, தாயாதி என்று அவருக்கு இருக்கிற அத்தனை பேரும் பத்தர்கள்தான். ஒரு சாம்பலிலிருந்து எடுத்து இன்னொரு சாம்பலில் போடவா?

கானாடுகாத்தானில் வள்ளிக்கண்ணு ஆச்சி அவருக்கு ரொம்ப நாள் வாடிக்கை. நகை கொடுக்கப் போனபோது பேச்சோடு பேச்சாகக் கேட்டார். "கொண்டாந்து விட்டுட்டுப் போங்க பத்தரே, இங்க பத்து கெடக்கு, பத்தோட பதினொண்ணு" என்றார் ஆச்சி. ஆச்சி நல்ல மனசோடுதான் சொன்னார். பத்தருக்குத்தான் மனசு ஒப்பவில்லை. செம்பி பதினொன்றாவதா? பக்கத்து ஊர் பஸ் ஸ்டாண்டில் காபி கிளப் வைத்திருந்த சோமு, கேட்ட மாத்திரத்தில் சரி என்றார். அவ்வளவு சீக்கிரம் சரி என்றதே பத்தருக்குப் பிடிக்கவில்லை. "என்ன போடுவீங்க?" என்று கேட்டார். "போடுறதாவது! பட்டினி கெடந்தாத்தானே எலி பிடிக்கும்" என்றார் சோமு. பத்தர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். அரிசி மில்லில் நல்ல மனிதர்கள் இருந்தார்கள், எலியும் இருந்தது, ஆனால் சுற்றுகிற பெல்ட்டைப் பார்த்ததும் அவர் வந்த வழியே திரும்பிவிட்டார்.

"பத்தர் உரைகல்லைக் கையிலயே வச்சுக்கிட்டு அலையுறாரு. ஒரு வீடும் மாத்து நிக்க மாட்டேங்குது" என்று மாயக்கண்ணன் சொர்ணவல்லியிடம் சொன்னான்.

"மகளுக்கு மாப்பிள்ளை பாக்க ஒரே ஒரு தடவைதான் ஒக்கூருக்குப் போனாக. போன அன்னைக்கே தட்டை மாத்திட்டு வந்துட்டாக. இப்பப் பாரு" என்று அவள் பெருமூச்சு விட்டாள்.

இப்படி இருக்கும்போது நேமத்தான்பட்டியிலிருந்து அம்மாக்கண்ணு வந்தாள். மூக்குத்தித் திருகாணி தேய்ந்து கழன்று கழன்று விழுகிறது என்று வந்தவள். விவசாயக் குடும்பம். புருஷன் வயலைப் பார்க்கிறான், அவள் ஊரில் பெரிய வீடு ஒன்றைப் பார்த்துக்கொள்கிறாள். வீட்டுக்காரர்கள் மலேயாவில் இருக்கிறார்கள். கல்யாணம் காட்சி என்றால் வந்து திறப்பார்கள். மற்ற நாளெல்லாம் பின்கட்டில் அம்மாக்கண்ணுவும் புருஷனும்தான்.

பத்தர் திருகாணியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் செம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் பூனையைப் பார்த்ததும் தங்கம் சுரக்குதாமே என்கிற அந்த ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். பத்தர் காதை மூடிக்கொள்ளத் தயாராக இருந்தார்.

"காலு எப்படி ஆத்தா ஒடிஞ்சுச்சு ஒனக்கு?" என்று அம்மாக்கண்ணு கேட்டாள். கேட்டது அவரை இல்லை, செம்பியை. கையை நீட்டவில்லை, தரையில் சும்மா வைத்தாள். செம்பி மோந்து பார்த்து, நொண்டி நொண்டி வந்து, அந்தக் கையில் தலையை முட்டினாள். முதுகில் மயிர் வெட்டிய இடத்தைப் பார்த்ததும் அம்மாக்கண்ணுவுக்கு முகம் சுண்டிவிட்டது. "எந்தப் பாவி செஞ்சான் இதை?"

பத்தர் இடுக்கியைக் கீழே வைத்தார். "ஒங்க வீட்டுல நாய் இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல."

"கெணறு?"

"இருக்கு. கம்பி வலை போட்டு மூடியிருக்கு."

"மச்சு ஒசரமா? ஏறி விழுந்துட்டா?"

"காலு சரியில்லாதது ஏன் ஏறப்போகுது? எறங்கி நடக்கவே எடம் கெடக்கு, வாசல்ல இருந்து பின்கட்டுக்கு வாரதுக்குள்ள எனக்கே மூச்சு வாங்குது."

"என்ன திங்கக் குடுப்பீங்க?"

"நாங்க மீன் திங்கிறவுகதான் பத்தரே. கவலைப்படாதீக. கம்மாயில தண்ணி இருக்கிறவரைக்கும் அயிரையோ கெளுத்தியோ ஏதாச்சும் ஒண்ணு இருக்கும்." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்க பொண்ணு குடுக்கப் போறீகளா, பூனை குடுக்கப் போறீகளா?"

"இவுகளுக்கு ரெண்டும் ஒண்ணுதான் தாயி" என்று உள்ளேயிருந்து சொர்ணவல்லி குரல் கொடுத்தாள்.

பத்தர் அப்போதும் பிடி கொடுக்கவில்லை. ஒரு நல்ல நாளாகப் பார்த்துக் கொண்டுவருகிறேன், வீட்டைப் பார்ப்பேன், பிடிக்கவில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன் என்றார். அம்மாக்கண்ணு சம்மதித்தாள். போகும்போது பிரஷ்ஷை அவள் கையில் கொடுத்தார். அவள் தன் காலைத் தேய்த்துவிட்டு, பக்கத்தில் வந்து நின்ற செம்பிக்கும் கழுத்தடியில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுப் போனாள். எதற்காக என்று கேட்கவேயில்லை. பூனைக்குப் பிடித்திருக்கிறது, அது போதாதா என்று நினைத்திருப்பாள்.

பங்குனியில் நாள் பார்த்தார்கள். நாள் பார்த்தது சொர்ணவல்லி, பஞ்சாங்கத்தை வைத்து. பூனையை வேறு ஊருக்குக் கொண்டு போகிறவர்கள் வழி தெரியாமல் இருக்கச் சாக்கில் கட்டி எடுத்துப் போவது வழக்கம். பத்தர் சாக்கைக் கழுவிக் காயவைத்து, அடியில் பழைய துண்டை மடித்துப் போட்டிருந்தார். செம்பி வழக்கம்போல வாசற்படியில் வந்து கழுத்தைத் தூக்கிக்கொண்டு நின்றாள். வெளியே போகப் போகிறோம் என்று அவளுக்குச் சந்தோஷம். பத்தர் குந்தி உட்கார்ந்து தேய்த்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார். தட்டில் உதிர ஒன்றுமே இல்லாத பிறகும் தேய்த்தார்.

"பஸ்ஸு போயிரும்" என்றாள் சொர்ணவல்லி. அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. கேலி பண்ணித்தான் அதைச் சரி செய்யப் பார்த்தாள். "பத்தர் வீட்டுல இருந்து ஒரு பொண்ணு போகுது, கழுத்துல ஒரு பொட்டுத் தங்கம் இல்லாம. நாலு பேரு என்ன சொல்லுவாக? வெறுங்கழுத்தா அனுப்புனாகன்னு சொல்ல மாட்டாகளா?" சொல்லி முடிக்கிறதற்குள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பஸ்ஸில் பத்தர் சாக்கின் வாயைக் கட்டவேயில்லை. மூச்சு முட்டும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். செம்பி தலையை வெளியே நீட்டி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். "வழியைக் காட்டிக்கிட்டே போறீங்க பெரியவரே, திரும்பி வந்துரும்" என்று கண்டக்டர் எச்சரித்தார். பத்தர் தன் கையை எடுத்து அவள் கண்ணை மூடப் பார்த்தார். செம்பி அந்தக் கையை நக்கினாள். அதற்குப் பிறகு அவர் மூடவில்லை.

நேமத்தான்பட்டி வீட்டைப் பார்த்ததும் பத்தர் அண்ணாந்தபடி வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் குடியிருக்கும் தெருவைச் சுருட்டி உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். நகை கொடுக்க இப்படிப்பட்ட வீடுகளுக்கு அவர் போயிருக்கிறார், முகப்போடு நின்று திரும்பியிருக்கிறார். இன்றைக்குப் பெண் வீட்டுக்காரர் மாதிரி ஒவ்வொரு கட்டாகப் போய்ப் பார்த்தார். கிணற்று வலையை அசைத்துப் பார்த்தார். அடுப்படியில் மீன் குழம்புச் சட்டியை எட்டிப் பார்த்து, மூக்கைச் சுளித்துக்கொண்டே தலையை ஆட்டினார். அம்மாக்கண்ணு சிரிப்பை அடக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

நடு முற்றத்தில் செம்பியை இறக்கிவிட்டார். செம்பி வழவழப்பான தளத்தில் ஒரு கால் வழுக்கி, சமாளித்து நின்றாள். ஒரு தூணை மோந்தாள், அடுத்த தூணை மோந்தாள். எங்கேயோ ஓர் எலி கீச்சிட்டது, காதை மட்டும் திருப்பினாள். பிறகு முற்றத்தில் வெயில் விழுந்த சதுரத்துக்கு நடுவில் போய், மலேயாவில் இருக்கிறவர்கள் இவளுக்காகத்தான் கட்டி வைத்தார்கள் என்கிற மாதிரி, சாவதானமாகப் படுத்துக்கொண்டாள். அவ்வளவுதான். பத்தரை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு நிம்மதியாக இருந்தது.

"சரி, நல்ல எடம்" என்றார். மடியிலிருந்து பிரஷ்ஷை எடுத்தார். புதுப் பிரஷ் ஒன்று அம்மாக்கண்ணுவுக்கென்று வாங்கி வந்திருந்தார், அதைக் கொடுத்தார். "தெனம் ஒரு தடவை கழுத்தடியில. வேற ஒண்ணும் கேக்க மாட்டா." கடைசியாக ஒரு தடவை தானே செய்யலாம் என்று தன் பழைய பிரஷ்ஷோடு பக்கத்தில் போய்க் குந்தினார். செம்பி மல்லாந்து கழுத்தைக் காட்டினாள்.

அப்போதுதான் பார்த்தார். நல்ல வெயில். கழுத்தின் வெள்ளை மயிருக்குள், ஒரு கடுகில் பாதி இருக்கும், மினுக்கென்றது. கண்ணுக்குத் தெரியாத தூள் இல்லை, கம்பி வெட்டும்போது தெறித்த சின்னப் பொன் சில்லு. காலையில் அவ்வளவு தேய்த்தும் மயிருக்குள் ஆழப் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பத்தரின் கை தானாகப் போனது. முப்பது வருஷமாகப் போய்ப் பழகின கை. பிரஷ் மயிரைத் தொடுகிற இடத்தில் அது நின்றுவிட்டது.

"என்ன பத்தரே, உண்ணியா?" என்று அம்மாக்கண்ணு குனிந்தாள்.

"ஒண்ணுமில்ல" என்றார் பத்தர். வெள்ளை மயிரை விரலால் நீவி, அந்த மினுக்கை நன்றாக உள்ளே தள்ளி மூடினார். எழுந்து, திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தார். முகப்பைத் தாண்டியபோது கன்னத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். வெயில் என்று சொல்லக்கூடப் பக்கத்தில் ஆள் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது சொர்ணவல்லி சோற்றைப் போட்டு வைத்துக் காத்திருந்தாள். வீடு எப்படி, தண்ணீர் எப்படி, அழுதாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவரும் ஒவ்வொன்றாகச் சொன்னார். கிணற்று வலையைச் சொன்னார், மீன் குழம்பைச் சொன்னார், வெயிலில் படுத்துக்கொண்டதைச் சொன்னார். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே நின்றுவிட்டார்.

"என்னங்க?"

"கழுத்துல ஒரு சில்லு ஒட்டியிருந்துச்சு. அங்க போய்த்தான் பாத்தேன்."

"எடுத்துக்கிட்டீகளா?"

"எடுக்கல" என்றார் பத்தர். "வெறுங்கழுத்தா அனுப்பல சொர்ணம்."

சொர்ணவல்லிக்கு அவள் ஆயுளில் முதல்முறையாகப் பதில் பேச வரவில்லை. அவர் இலையில் இன்னொரு கரண்டி நெய்யை ஊற்றினாள்.